கூடல்வாய்

இரண்டு சரிவுகள் வந்து முட்டும் பள்ளத்துக்கு
எங்கள் தொழிலில் கூடல்வாய் என்று பேர்.
ஒரு வீடு ஒழுக நினைத்தால் அங்கேதான் ஒழுகும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில், தூங்குமூஞ்சி மரத்தடியில்,
‘ட’ மாதிரி மடங்கிய ஓட்டு பங்களா.
நெடுங்கை டார்கஸ் அக்காவுக்கு,
குறுங்கை தம்பி எப்னேசருக்கு.
மடங்கும் இடத்தில் ஹாலோ பிளாக் சுவர்,
பூசாமலே பதினோரு வருஷமாய் நிற்கிறது.
பத்திரத்தில் ஒவ்வொரு சன்னலையும் பிரித்திருந்தார்கள்.
உள்மூலைக் கொய்யாவைக்கூட, வருஷம் விட்டு வருஷம்.
கூடல்வாயை யாரும் எழுதவில்லை.

ஏப்ரலின் முதல் மழையில்
அக்காவின் அலமாரி நனைந்தது,
தம்பியின் இன்வெர்ட்டர் புகைந்தது.
தனித்தனியாக எனக்குப் போன் வந்தது.
இரண்டு பேருக்கும் அடுத்தவர் பக்கம்தான் ஓட்டை.

ஓட்டைப் பிரித்தால் சிமெண்ட்.
எவனோ ஒரு மகராசன் பள்ளம் முழுக்கக் கலவை கொட்டி
வழித்து மெழுகிவிட்டுப் போயிருக்கிறான்.
தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டு
ஒழுகல் அடைத்ததாகக் கூலியும் வாங்கியிருப்பான்.
வெடித்த சிமெண்டுக்குள் இலைமக்கு,
மக்குக்குள் ஒரு ஆலங்கன்று,
அதன் வேருக்குக் கீழே
விரல் பட்டாலே உதிர்கிற பலகை.

நாகேஷும் நானும் இரண்டு நாள் கொத்தினோம்.
புதுசாய் மத்திப் பலகை. மேலே தார்த்தாள்.
அதன்மேல் இருபத்துநாலு கேஜ் தகடு,
பதினெட்டு அங்குல அகலம்.
கீழிருந்து மேலே ஏற வேண்டும்,
மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஆறு அங்குலம் படுக்க வேண்டும்.
ஓரங்களை உள்பக்கம் சுருட்டி மடிக்க வேண்டும்.
ஆணி மடிப்புக்கு வெளியே மட்டும்.
நடுவில் அடித்தால் அது ஆணி இல்லை,
சொட்டுக்குத் திறந்து வைத்த வாய்.

எப்னேசர் ஏணியடிக்கு வந்தார், கையில் டேப்.
“பதினெட்டுல என் பங்கு ஒம்பது அங்குலம்.
நடுவுல வெட்டிடு ரெஜினா, ஒம்பதுக்குக் காசு தரேன்.”
“காச வெட்டிக்கலாம் சார். தகட்ட வெட்ட முடியாது.”
அவர் நகரவில்லை.
கீழே இறங்கி, மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன்.
நட்டநடுவே மடித்து எழுப்பிய வரப்பு.
“அக்கா சரிவு நீளம், தண்ணி நெறைய.
உங்க சரிவு செங்குத்து, வேகம் நெறைய.
வேகமா வர்றது எதிர் ஓட்டுக்கு அடியில ஏறிடாம இருக்க
இவ்வளவு போதும்.”
அதையும் டேப் வைத்து அளந்தார்.
“ஒரு அங்குலம்தானா?”
சுவரை ஒருமுறை பார்த்தார்.
“பில்லு தனியா கொடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஓடுகளைச் சாய்வாய் அறுத்தோம்.
காதுக்குள் மூக்குக்குள் எல்லாம் செம்மண் தூள்.
வரப்புக்கு இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல்
வெறுமையாய் விட்டோம்.
கலவை ஒரு கரண்டிகூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் விட்டுப் பார்த்தோம்.
நாகேஷ் உச்சியில் உட்கார்ந்து குடம் குடமாய்க் கவிழ்த்தான்.
கீழே இரண்டு பேரும் அவரவர் அறையில்
டார்ச் அடித்து, அண்ணாந்து நின்றார்கள்.
“சொட்டுதா?” என்று கத்தினேன்.
“இல்ல.”
இரண்டு குரல், ஒரே நேரத்தில்.
அந்தச் சுவர் ஓடுவரைக்கும் எட்டவில்லை,
ஒரு சாண் திறந்தே கிடக்கிறது,
மேலிருந்து பார்க்கும் எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு அக்காவின் குரல், எனக்கில்லை:
“டேய், அந்த இன்வெர்ட்டர நகத்தி வச்சியா?”

பதில் என் காதில் விழவில்லை.
நாகேஷ் அடுத்த குடத்தைச் சாய்த்துவிட்டான்.
தண்ணீர் வரப்பின் இருபக்கமும் சலசலத்து இறங்கி
மூலையில் ஒரே தாரையாகிக்
கொய்யாவின் தலையில் கொட்டியது.

மரத்தில் பிஞ்சு இருந்தது.
இது யாருடைய வருஷம் என்று நான் கேட்கவில்லை.